மக்கும் குவியலிலிருந்து குளிர்காலச் சூடு: முதல்முறை செய்பவர்களுக்கு

ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே வெந்து கறுத்துவிடும் என்பது விவசாயம் பார்த்த எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். நன்றாக வேலை செய்கிற குப்பைமேட்டில் ஒரு கடப்பாரையைச் சொருகி, கால் மணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். வெளியே நின்ற பாகம் சில்லென்று இருக்கும், உள்ளே போன பாகத்தை வெறுங்கையால் பிடிக்க முடியாது. அங்கே 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். நம் ஊர்ச் சமவெளியில் இந்தச் சூட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குச் செய்ய ஒன்றுமில்லை. பனி கொட்டும் ஊர்களில் கதையே வேறு. வருடத்தில் ஐந்தாறு மாதம் கட்டடத்தைச் சூடாக்கியே ஆக வேண்டிய இடத்தில், வேலியோரத்தில் வெட்டிப் போட்ட கிளையும் லாயத்துச் சாணமும் சும்மா ஆவி விட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க மனசு கேட்காது.

கனடா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் என்று குளிர் நாடுகளில் தோட்டமோ சிறு பண்ணையோ வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகளாகப் பழகிவந்த முறைகள்தான் இவை. பெரிய பொறியியல் அறிவு தேவையில்லை. ஆனால் கணக்குப் போடத் தெரிய வேண்டும், பொறுமையும் வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது

இலை, கிளை, வைக்கோல், சாணம் எல்லாவற்றையும் நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்று மூச்சு விடும்போது சூடு வெளிவருகிறது. ஒரு கிலோ காய்ந்த மரத்தை அடுப்பில் எரித்தால் ஏறத்தாழ 5 கிலோவாட் மணி நேரச் சூடு கிடைக்கும். அதே ஒரு கிலோ முழுவதும் மக்கிப்போனாலும் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். அடுப்பில் அரை மணியில் வருவது குவியலில் மாதக்கணக்கில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். புகை கிடையாது, கடைசியில் சாம்பலுக்குப் பதில் உரம் மிஞ்சும்.

முதலில் 20 முதல் 40 டிகிரியில் வாழும் உயிர்கள் வேலையைத் தொடங்கும். 45 டிகிரியைத் தாண்டியதும் அவை ஒதுங்கிக்கொள்ள, சூட்டை விரும்பும் வேறு கூட்டம் பெருகும். 55 முதல் 65 டிகிரி வரை இந்தக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். 70-ஐத் தாண்டினால் அவையும் சாகத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் குவியலை ஒரு முழம் தோண்டிப் பார்த்தால் மரச்சில்லுகளின் மேல் வெள்ளையும் சாம்பலும் கலந்த மெல்லிய பூச்சு படிந்திருக்கும். பூசணம் பிடித்துக் கெட்டுவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்கள் அவை. மழை பெய்த மண்ணின் வாசனை வருவதும் இவற்றால்தான். இவற்றைப் பார்த்தால் குவியல் ஆரோக்கியமாக இருக்கிறது என்று நிம்மதியாக மூடிவிடலாம்.

இந்த உயிர்களுக்கு நான்கு வேண்டும்: கரிமம் உள்ள தீனி, கொஞ்சம் நைட்ரஜன், தண்ணீர், காற்று. அப்புறம் குவியலுக்கு ஒரு பருமன் வேண்டும். ஒரு கன மீட்டருக்குக் குறைந்த குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. உறைபனிக் காலத்தில் அதிலிருந்து சூடு எடுப்பதாக இருந்தால் 30, 40 கன மீட்டராவது வேண்டும்.

ழான் பேன் செய்ததும் அதில் போட வேண்டிய கணக்கும்

இந்தத் துறையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ழான் பேன். பிரான்சின் தென்பகுதியில், ப்ரோவான்ஸில், வில்க்ரோஸ் ஊரருகே காட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டவர். அந்தப் பகுதியில் கோடைக் காட்டுத்தீ பெரிய தொல்லை. தீ பரவாமல் இருக்கப் புதர்களை வெட்டி அகற்ற வேண்டும். வெட்டியதை எரிக்காமல் மெல்லிய சில்லுகளாக அரைத்து, ஊறவைத்து, பெரிய மேடாகக் குவித்தார். 3 மீட்டர் உயரம், 6 மீட்டர் அகலம், 50 டன் எடை. நடுவே மாட்டுச்சாண வாயுக் கலன், அதைச் சுற்றிச் சுருளாக 200 மீட்டர் குழாய். 10 டிகிரியில் உள்ளே போன தண்ணீர் நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் 60 டிகிரியில் வெளியே வந்தது என்றும், மேடு ஏறத்தாழ ஒன்றரை வருடம் சூடாக இருந்தது என்றும் அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. 1981-ல் அவர் இறந்தார். அவருடைய முறையைப் பின்பற்றி ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் இன்றும் மேடு கட்டுகிறார்கள்.

எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த எண்களை அப்படியே நம்பித் திட்டம் போட்டால் முதல் குளிர்காலத்திலேயே மனம் விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீரை 50 டிகிரி ஏற்றுவதென்றால் 14 கிலோவாட். அது ஒன்றரை வருடம் இரவும் பகலும் ஓடினால் 1,80,000 கிலோவாட் மணிக்கு மேல் போகும். 50 டன் ஈரமான சில்லில் பாதி தண்ணீர். மீதி 25 டன் காய்ந்த மரம், அதில் மொத்தமே 1,25,000 கிலோவாட் மணிதான் இருக்கிறது. அத்தனையும் ஒன்றுமில்லாமல் கரைந்தாலும் கணக்கு இடிக்கிறது. ஆக, 4 லிட்டர் என்பது மேடு நல்ல சூட்டில் இருந்தபோது எடுத்த அளவாகவோ, தேவைப்பட்ட நேரத்தில் மட்டும் திறந்துவிட்ட அளவாகவோ இருந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடமும் ஓயாமல் வந்திருக்க வாய்ப்பில்லை.

நடைமுறையில் ஒரு வருடத்தில் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டன்னில் எட்டு டன் சொச்சம், அதாவது 40,000 கிலோவாட் மணி. வருடம் முழுக்கப் பரப்பினால் நாலரை கிலோவாட்டுக்குச் சற்று மேலே. அதில் ஒரு பங்கு பக்கவாட்டிலும் மேலே ஆவியாகவும் போய்விடும். கையில் கிடைப்பது 3 கிலோவாட் சுமார். இப்போது கணக்கு நம்பும்படியாக இருக்கிறது. இந்த 3 கிலோவாட் சும்மா வருகிற சூடு, இரவு பகல் பாராமல் வருகிற சூடு. அதை மதிக்கத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல தொழில்நுட்பம்.

முதல் வருடம்: சூட்டுப் பாத்தி

எடுத்த எடுப்பில் இருபது டன் சில்லை லாரியில் இறக்க வேண்டாம். முதல் குளிர்காலத்தில் ஒரு சூட்டுப் பாத்தி போடுங்கள். செலவு மிகக் குறைவு. சூடு எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பது கைக்குப் பழகும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் நடுக்குளிரில் சாலடு இலையும் முள்ளங்கியும் விளைவித்து நகரச் சந்தைக்கு அனுப்பியது இப்படித்தான். நகரமெங்கும் குதிரை வண்டி ஓடிய காலம் அது, லத்திக்குப் பஞ்சமில்லை. மோட்டார் வண்டி வந்து லாயங்கள் காலியானதும் அந்தத் தொழிலும் சுருங்கிவிட்டது.

குதிரை லத்தியும் லாயத்தில் விரித்த வைக்கோலும் கலந்த புதுக் குப்பைதான் இதற்கு முதல் தரம். மாட்டுச்சாணம் ஈரம் அதிகம், காற்று குறைவு, அதனால் நிறைய வைக்கோல் சேர்க்க வேண்டும். கொண்டுவந்த குப்பையை முதலில் தனியாகக் குவித்து, சூடு ஏறியதும் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். பிறகு 60 முதல் 75 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்பி, அடுக்கடுக்காகக் காலால் மிதித்து இறுக்குங்கள். மேலே 15 முதல் 20 சென்டிமீட்டர் நல்ல மண். சுற்றிலும் பலகைச் சட்டம், அதன்மேல் பழைய ஜன்னல் கண்ணாடி.

சட்டம் போட்ட உற்சாகத்தில் அன்றே விதைத்துவிடாதீர்கள். முதல் வாரம் உள்ளே கொதிக்கும், விதை வெந்துபோகும். வேர் படும் ஆழத்தில் மண்ணின் சூடு 25 டிகிரிப் பக்கம் இறங்கும்வரை காத்திருங்கள், பொதுவாக ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் ஆறு முதல் எட்டு வாரம் வரை பாத்தி இதமாக இருக்கும். பிப்ரவரியில் போட்டால் முள்ளங்கி, லெட்யூஸ், அப்புறம் தக்காளி நாற்று என்று வரிசையாக எடுக்கலாம்.

குப்பை வாங்கும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: அந்தக் குதிரை தின்ற புல்லில் அமினோபைரலிட் வகைக் களைக்கொல்லி அடித்திருந்ததா? அது குதிரையின் வயிற்றிலும் சிதையாது, குவியலிலும் சுலபத்தில் சிதையாது. தக்காளியும் பீன்ஸும் அந்த உரத்தில் முளைத்தால் இலை சுருண்டு நிற்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு தொட்டியில் பீன்ஸ் நட்டு மூன்று வாரம் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் வருடம்: குழாய் புதைத்த மேடு

இங்கேதான் உண்மையான வேலை. நாலரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் கொண்ட வட்ட மேட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 40 கன மீட்டர் கொள்ளும், 20 டன் சுமார் எடை. மேலே போட்ட கணக்கின்படி இதிலிருந்து நிதானமாக 1 முதல் 1.5 கிலோவாட் எதிர்பார்க்கலாம். தொடக்க வாரங்களில் இதைவிடக் கூடும், பிற்பாடு குறையும்.

1 கிலோவாட்டை வைத்து என்ன செய்யலாம் என்பதைச் சில்லு வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். காப்பு இல்லாத பழைய வீட்டுக்குக் கடுங்குளிர் நாளில் 8, 10 கிலோவாட் வேண்டியிருக்கும், அதற்கு இந்த மேடு போதாது. சுவரும் கூரையும் நன்றாகக் காப்பிட்ட 20 சதுர மீட்டர் பட்டறைக்குப் போதும். பாலித்தீன் போட்ட சிறு பசுமைக்குடிலை எடுத்துக்கொண்டால், 50 சதுர மீட்டர் வெளிப்பரப்பு இருந்தால், உள்ளே வெளியைவிட 10 டிகிரி கூடுதலாக வைக்கவே 3 கிலோவாட் ஒழுகிவிடும். அதனால் குடிலின் காற்றைச் சூடாக்க முயல வேண்டாம். நாற்று மேசைக்கு அடியில் குழாயை ஓட்டி வேரை மட்டும் சூடாக்குங்கள். வேர் 20 டிகிரியில் இருந்தால், மேலே காற்று குளிர்ந்திருந்தாலும் நாற்று வளரும். வீட்டுக்குள் என்றால் தரைக்கு அடியில் ஓடும் குழாய்தான் பொருத்தம். அதற்கு 30 முதல் 40 டிகிரித் தண்ணீர் போதும். பழைய சுவர் ரேடியேட்டர்கள் 60, 70 டிகிரி கேட்கும், அதை மேட்டிடம் கேட்கக் கூடாது.

இடம். கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் சுவரை ஒட்டக் கூடாது. ஈரம் ஏறும், எலி வரும், தீ பற்றும் அபாயமும் உண்டு. நாலைந்து மீட்டர் தள்ளியே கட்டுங்கள். டிராக்டரோ லோடரோ சுற்றி வர வழி வேண்டும், ஏனென்றால் ஒருநாள் இதைப் பிரிக்கவும் வேண்டும். மேட்டிலிருந்து வடியும் பழுப்பு நீர் கிணற்றுக்கோ ஓடைக்கோ போகாத இடமாகப் பாருங்கள். அடியில் களிமண்ணை இறுக்கியோ தடித்த தார்ப்பாய் விரித்தோ வடிநீரை ஒரு தொட்டியில் பிடித்தால், வறண்ட நாளில் அதையே மேட்டின் தலையில் ஊற்றலாம். பல நாடுகளில் இந்த அளவுக் குவியலுக்கு உள்ளாட்சியின் அனுமதி கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

சரக்கு. இலையோடு அரைத்த புதுக் கிளைச்சில்லு மூன்று பங்கு, வைக்கோல் கலந்த சாணம் ஒரு பங்கு. இது எனக்குப் பிடித்த கலவை. சாணத்தைக் கூட்டினால் சீக்கிரம் கொதித்து மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். சில்லைக் கூட்டினால் மெதுவாக ஏறி ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும். உரம் தயாரிப்பவர்கள் கரிமமும் நைட்ரஜனும் 30-க்கு 1 என்ற விகிதத்தைச் சொல்வார்கள். சூட்டுக்கான மேட்டில் கரிமம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் நல்லது. சில்லு 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை கலந்திருக்கட்டும். மரத்தூளை மட்டும் போட்டால் அமுங்கிக் காற்று அடைத்துப்போகும்.

ஈரம். மேடுகள் சூடேறாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். பார்க்க நனைந்தது போலத் தெரியும் சில்லு உள்ளே காய்ந்து கிடக்கும். ஒரு சில்லை எடுத்து உடைத்துப் பாருங்கள், உடைந்த முகத்திலும் ஈரம் தெரிய வேண்டும். கலவையைக் கை நிறைய அள்ளி அழுத்திப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், கை மட்டும் நனைந்தால் போதாது. எடையில் 50 முதல் 60 சதவீதம் தண்ணீர் என்பது இந்தப் பதம்தான். அடுக்கும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒருவர் தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டே இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் ஏதோ ஒரு வழியில் வடிந்து போய்விடும், உள்ளே பரவாது.

அடுக்குதலும் குழாயும். தரையில் முதலில் முழங்கால் உயரத்துக்கு அரைக்காத கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். காற்று கீழிருந்து ஏற இதுதான் வழி. சுற்றிலும் கம்பி வலையை வட்டமாக நிறுத்தி, அதன் உட்புறம் வைக்கோல் கட்டுகளைச் சுவர்போல அடுக்குங்கள். சூட்டைப் பிடித்து வைப்பதும் காற்றைக் கொஞ்சம் விடுவதும் அந்தக் கட்டுகளின் வேலை. உள்ளே 40, 50 சென்டிமீட்டர் கலவை நிரப்பி, அதன்மேல் முதல் குழாய்ச் சுருள். மறுபடி அதே அளவு கலவை, மறுபடி சுருள். நாலு சுருள் வரும். எந்தச் சுருளும் வெளி விளிம்புக்கு அரை மீட்டருக்குள் வரக் கூடாது, அங்கே சூடு இருக்காது.

குழாய்க்கு 25 மில்லிமீட்டர் பாலித்தீன் போதும். ஆனால் சாதாரணக் கறுப்புப் பாசனக் குழாய் 60 டிகிரியில் இளகும். கொஞ்சம் செலவானாலும் சூடு தாங்கும் பெக்ஸ் (PEX) வகைப் பாலித்தீன் குழாய் வாங்குவது நல்லது. ஒரே நீளமாக 300 மீட்டர் ஓட்டினால் பம்பு திணறும். ஒவ்வொரு சுற்றும் 80, 100 மீட்டருக்குள் இருக்கும்படி பிரித்து, வெளியே ஒரு மேனிஃபோல்டில், அதாவது பல குழாய்கள் ஒன்றுசேரும் இணைப்பில், சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வையுங்கள். ஒரு சுருள் பழுதானால் அதை மட்டும் அடைத்துவிடலாம். மேட்டுக்குள் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. புதைக்கும் முன்பே தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, ஒருநாள் முழுக்க அப்படியே விட்டுப் பாருங்கள். அழுத்தமானியின் முள் இறங்காமல் இருந்தால், அதே அழுத்தத்தோடு புதையுங்கள். குழாய் நசுங்காது, மண்வெட்டி பட்டாலும் உடனே தெரிந்துவிடும்.

மேடு ஒரு வருடத்தில் கால் பங்காவது அமுங்கும். குழாய் வெளியே வரும் இடத்தில் இறுக்கிக் கட்டினால் அங்கேதான் மடியும். ஒரு முழம் தொய்வு விட்டு வையுங்கள். உச்சியில் 20, 30 சென்டிமீட்டர் வைக்கோலோ மண்ணோ போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் தாளால் போர்த்த வேண்டாம், மூச்சு முட்டும்.

காத்திருக்கும் காலம். செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபரில் கட்டினால், குளிர் இறுகும் முன் மேடு தயாராகிவிடும். ஒரு மீட்டர் நீளக் கம்பி வைத்த கம்போஸ்ட் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டும்போதே நடுவில் ஒரு சென்சாரும் விளிம்பில் ஒரு சென்சாரும் புதைத்துவிட்டால் இன்னும் நல்லது. சாணம் உள்ள கலவை ஒரு வாரத்தில் 50 டிகிரியைத் தொடும், சில்லு மிகுந்தது இரண்டு மூன்று வாரம் எடுக்கும். நடுப்பகுதி 55-ஐத் தாண்டி ஒரு வாரம் அங்கேயே நிற்கும்வரை பம்பைத் தொடாதீர்கள். இந்தக் காத்திருப்பில்தான் பலர் தவறுகிறார்கள். மூன்றாம் நாளே வெந்நீர் வருகிறதே என்று எடுத்தால், இன்னும் பெருகாத உயிர்களின் சூட்டைப் பிடுங்குகிறோம், மேடு மந்தமாகிவிடும்.

சூடு எடுப்பது. 40, 50 வாட் சுற்றோட்டப் பம்பு ஒன்று போதும். சுற்று மூடியதாக இருக்கட்டும், அதாவது அதே தண்ணீர் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டி, அழுத்தம் விடும் வால்வு, மிக உயர்ந்த இடத்தில் காற்று நீக்கும் வால்வு, இந்த மூன்றும் கட்டாயம். சுருளின் தலையில் காற்று மாட்டிக்கொண்டால் பம்பு ஓடும், சூடு வராது. வெளியே ஓடும் குழாயைக் காப்பிட்டு உறைபனி எட்டாத ஆழத்தில் புதையுங்கள். உறையும் வாய்ப்பிருந்தால் புரோப்பிலீன் கிளைக்கால் கலக்கலாம். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அது வேண்டாம்.

எவ்வளவு எடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபக் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதை, போகும் தண்ணீருக்கும் வரும் தண்ணீருக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தால் பெருக்கி, 70-ஆல் பெருக்குங்கள். வாட் வந்துவிடும். 2 லிட்டர் ஓட்டம், 8 டிகிரி வித்தியாசம் என்றால் 1,120 வாட். இதைத் தினமும் ஒரு நோட்டில் நடுப்பகுதிச் சூட்டோடு சேர்த்து எழுதிவாருங்கள். நடுப்பகுதி நாளுக்கு ஒரு டிகிரி வீதம் இறங்கிக்கொண்டே போனால், மேடு உண்டாக்குவதைவிட அதிகம் எடுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஓட்டத்தைக் குறையுங்கள். 45 டிகிரிக்குக் கீழே போனால் பம்பு தானாக நிற்கும்படி ஒரு தெர்மோஸ்டாட் வைத்துவிட்டால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் மேட்டைக் கசக்கிப் பிழிய வேண்டாம். மீதித் தேவைக்கு விறகு அடுப்போ வேறு ஏற்பாடோ கூடவே இருக்கட்டும்.

குளிக்கும் தண்ணீரை இந்தக் குழாயிலேயே ஓட்டலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வேண்டாம். இதமான சூட்டில் தேங்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரும். தொட்டியில் சேமிக்கும் வெந்நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். குளியல் தண்ணீருக்குத் தனித் தொட்டி வைத்து, மேட்டின் சுற்று வெப்பமாற்றி வழியாக அதை முன்சூடு மட்டும் ஆக்கட்டும். மீதியை ஹீட்டர் ஏற்றிக்கொள்ளும்.

பெரிய பண்ணைகளுக்குக் காற்று வழி

நூற்றுக்கணக்கான மாடுகள் உள்ள பண்ணையில் குழாய் புதைப்பது சிரமம், வாராவாரம் புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2005 வாக்கில் ஒரு கிடேரிப் பண்ணையில் அக்ரிலேப் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் ஏற்பாடு வந்தது. குவியலுக்கு அடியில் துளையிட்ட குழாய் வைத்து, விசிறியால் காற்றைக் குவியல் வழியாக உறிஞ்சுகிறார்கள். வெளியே வரும் சூடான ஈரக்காற்று வெப்பமாற்றியில் பட்டுத் தண்ணீராகப் படியும்போது சூட்டைக் கொடுத்துவிடுகிறது. குவியலின் சூட்டில் பெரும்பகுதி நீராவியில்தான் இருக்கிறது, அதனால் இது மிகத் திறமையான வழி. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் இயற்கைப் பால்பண்ணையிலும் இதே முறையில் ஒரு கூடம் கட்டினார்கள். விசிறி, தானியங்கிக் கட்டுப்பாடு, கட்டடம் என்று முதலீடு அதிகம். வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இது தேவையில்லை.

ஆபத்துகள்

கட்டி முடித்த மேட்டில் நடுப்பகுதி 75 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கவனம். அந்தச் சூட்டில் உயிர்கள் செத்தாலும் வேதியியல் மாற்றம் தொடர்ந்து சூட்டை ஏற்றும். உள்ளே பாதி காய்ந்த பெரிய குவியல்கள் தானாகவே பற்றிக்கொள்வது இப்படித்தான். உயரத்தை 3 மீட்டருக்குள் வையுங்கள். சூடு மிஞ்சினால் பம்பைக் கூடுதலாக ஓட்டுங்கள், தண்ணீர் விடுங்கள். கருகிய வாடையும் புகையும் வந்துவிட்டால் குவியலைத் திறக்கவே கூடாது. உள்ளே காற்று பாய்ந்து குப்பென்று பிடிக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

சில்லைப் புரட்டும்போது எழும் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் இருக்கும். நல்ல முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவதே சரி.

குவியலை வீட்டுக்கு உள்ளேயோ நிலவறையிலோ வைக்கும் எண்ணம் வந்தால் கைவிடுங்கள். அது ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விடும். பசுமைக்குடிலுக்குள் வைப்பதில் வேறு சிக்கல். அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் இருந்த நியூ ஆல்கெமி நிறுவனம் 1983-ல் குவியலைக் குடிலோடு சேர்த்தே கட்டிச் சோதித்தது. கரியமில வாயு செடிக்கு நல்லதுதான், ஆனால் கூடவே வரும் அம்மோனியா இலையைக் கருக்கும். அதனால் அங்கே குவியலின் காற்றை மண்படுகை வழியாக வடிகட்டியே உள்ளே விட்டார்கள். புதியவர்கள் குவியலை வெளியே வைத்து, தண்ணீர் வழியாகச் சூட்டை மட்டும் உள்ளே கொண்டுவருவது பாதுகாப்பு.

சூடு வராவிட்டால்

மூக்கை நம்புங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போகவில்லை, ஈரம் மிஞ்சிவிட்டது. கடப்பாரையால் பல இடங்களில் அடிவரை துளையிடுங்கள், மேலே மழை படாமல் பாருங்கள். மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை வந்தால் சாணம் அதிகம், அது தானாகத் தணியும். எந்த வாடையும் இல்லை, சூடும் இல்லை என்றால் பெரும்பாலும் காய்ந்துபோயிருக்கிறது. ஒரு கையளவு தோண்டி, முன்பு சொன்னபடி சில்லை உடைத்துப் பாருங்கள். ஈரம் சரியாக இருந்தும் எழவில்லை என்றால் நைட்ரஜன் போதவில்லை. கோழி எருவைத் தண்ணீரில் கரைத்து, துளைகள் வழியாக ஊற்றினால் ஒரு வாரத்துக்குள் மாற்றம் தெரியும்.

மேட்டைப் பிரிப்பது

நடுப்பகுதி 30 டிகிரிக்குக் கீழே வந்து, பல வாரமாக ஏறவே இல்லையென்றால் அந்த மேடு முடிந்தது. வசந்தத்தின் இறுதியில், நிலம் காய்ந்து வண்டி போகும் சமயத்தில் பிரியுங்கள். முதலில் குழாயிலிருந்து தண்ணீரை வடித்துவிடுங்கள், கிளைக்கால் கலந்திருந்தால் கேனில் பிடித்து வைக்கலாம். லோடரால் ஒரேயடியாக வாரினால் குழாய் துண்டு துண்டாகும். ஒரு அடுக்கை முள்கரண்டியால் ஒதுக்கி, ஒருவர் சுருளைச் சுற்றிக்கொண்டே வர, அடுத்த அடுக்குக்குப் போங்கள். பெக்ஸ் குழாய் இப்படி எடுத்தால் அடுத்த மேட்டுக்கும் வரும்.

விளிம்பில் கிடந்த சில்லு பாதிதான் மக்கியிருக்கும். அதைச் சலித்துத் தனியாக ஒதுக்குங்கள், உயிர்கள் நிறைந்த அந்தச் சரக்கு புது மேட்டுக்கு நல்ல உறைமோர். நடுவில் இருந்தது கறுத்து, உதிரியாக, மண்வாசனையோடு இருக்கும். பல வாரம் 55 டிகிரிக்கு மேல் கிடந்ததால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் செத்திருக்கும். ஆனாலும் உடனே நாற்றுக்குப் போடாமல் இரண்டு மாதம் நிழலில் ஆறவிடுங்கள். அதற்குள் கோடை வந்துவிடும். வேலியோர மரங்களை வெட்டித் திருத்தும் ஒப்பந்தக்காரர்களிடம் சில்லுக்கு அப்போதே சொல்லி வைத்தால்தான் செப்டம்பரில் கைக்கு வரும்.